வெறும் எண்ணாக வந்தவர்

நாற்பது வயதாகியும் வீட்டில் அவள் பேர் பாப்பாதான். பெரிய மருத்துவமனையில் சிறுநீரியல் ஆராய்ச்சிக்கூடத்தையே நடத்துகிறவள். ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோயைச் சிறுநீரை வைத்தே கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. "பொண்ணு என்ன பண்றா?" என்று யாராவது கேட்டால் அம்மா, "ஏதோ ஆராய்ச்சி" என்று பேச்சை மாற்றிவிடுவாள். லிஃப்ட் மெக்கானிக்கான தாய்மாமாவுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போதுதான், "டாக்டரம்மா இன்னைக்கு எத்தனை டப்பா ரொப்பினாங்க?" என்று வம்புக்கு இழுப்பார்.

பாப்பா சிரித்துவிட்டுச் சாப்பிடுவாள். ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற புரதம் கொஞ்சம் கூடினாலே ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கிறார்கள். பலருக்கு ஒன்றுமே இருப்பதில்லை. ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிய சிலருக்கோ நோய் உள்ளே சத்தமில்லாமல் வளர்கிறது. இந்த இரண்டு தப்பையும் குறைத்தே தீருவது என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

முதல் முறை அவளுடைய பரிசோதனை மண்ணைக் கவ்வியது.

"ஒத்துவராததை மட்டும் விட்டுட்டு எழுதுங்களேன். யாரு கேக்கப்போறா?" என்றார் கூட வேலை பார்த்தவர்.

"நான் கேப்பேனே" என்றாள். தோற்றுவிட்டது என்றே எழுதிக் கொடுத்தாள்.

பிறகு ஒரு நாள், நோயாளி கொடுத்த சிறுநீர் டப்பா ஒன்றின் பின்னாலேயே நடந்தாள். அது ஆய்வுக்கூடம் வந்து சேருமுன் ஜன்னலோர மேசையில் வெகுநேரம் வெயில் காய்ந்தது. தேட வேண்டியதெல்லாம் அங்கேயே கெட்டுப்போயிருந்தது. மறு வாரமே டப்பாக்களை உறைய வைக்கும் பெட்டியைக் கழிவறைக்குப் பக்கத்து அறைக்கு மாற்றி, தன் மேசையையும் அங்கேயே போட்டுக்கொண்டாள்.

"இவ்வளவு படிச்சு, கடைசியில கக்கூஸ் பக்கத்துலதான் இடமா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

இரண்டாம் முறை எல்லாம் புதிதாகத் தொடங்கியது. டப்பாக்களில் எண் மட்டும்தான். எது யாருடையது என்று பாப்பாவுக்கே தெரியாது. வருடங்கள் ஓடின. நடுவில் மாமாகூட வெளியூரில் வேலை என்று சில வாரம் போய்வந்தார். இந்தத் தடவை பரிசோதனை தேறியது. வெளியூர் மருத்துவமனைகள் தாங்களாகவே செய்து பார்த்தபோதும் அதே முடிவுதான்.

முடிவைச் சொல்லும் நாளில் ஆராய்ச்சிக்கு ஒத்துழைத்தவர்களையும் குடும்பத்தோடு அரங்கத்துக்கு அழைத்திருந்தார்கள். அம்மா முன்வரிசையில் கைப்பையை மடியில் வைத்து விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். பாப்பா பேசி முடித்ததும், கேள்வி கேட்கலாம் என்றார்கள். பின்வரிசையிலிருந்து எழுந்தவர் மாமா.

"கேள்வி இல்லீங்க. எனக்கு ரத்தத்துல அளவு சரியாத்தான் இருந்துச்சு. இந்தப் பரிசோதனைதான் சந்தேகம்னு சொல்லுச்சு. ஊசி போட்டுப் பாத்தா, சின்னதா இருந்துச்சு. கதிர்வீச்சு கொடுத்து சரிபண்ணிட்டாங்க. இப்ப நல்லா இருக்கேன்." கொஞ்சம் தயங்கினார். "பேசினவங்க என் அக்கா பொண்ணு. இது அவங்களுக்கே இப்பத்தான் தெரியும்."

அரங்கம் கைதட்டியது. பாப்பா மேடை மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எழுதி வைத்திருந்த நன்றியுரை மறந்தே போய்விட்டது.

வெளியே தாழ்வாரத்தில் அவரை மடக்கினாள். "வெளியூர்ல வேலைன்னு போனது இதுக்கா? ஏன் மாமா சொல்லல?"

"முதல்ல வெக்கம்தான். உன்கிட்ட இதை எப்படிப் பேசுறது? அப்புறம் யோசிச்சேன். எனக்காக நீ ஏதோ கூடக்குறைய பண்ணிட்டேன்னு ஒரு பய பேசக்கூடாது. எல்லாரையும் மாதிரி நானும் ஒரு நம்பரா இருந்துட்டுப் போறேன்னு உன் அத்தைகிட்ட மட்டும் சொன்னேன்."

அதற்குள் அம்மா வந்து கைப்பையாலேயே தம்பியின் தோளில் ரெண்டு வைத்தாள். "எனக்குக்கூடச் சொல்லலியேடா" என்று அழுதாள். மாமா, "மெதுவா அக்கா, நோயாளியை அடிக்கிறே" என்றார். அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது அவளுக்கு.

அப்போது வயதான ஒருவர் மனைவியோடு தயங்கித் தயங்கி வந்தார். அந்தப் பரிசோதனைக்கு எங்கே போக வேண்டும் என்று கேட்டார். பாப்பா வாய் திறப்பதற்குள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன். கழிவறைக்குப் பக்கத்து ரூம். புராஸ்டேட்டுக்கு அங்கதான் பாக்குறாங்க. என் பொண்ணுதான் கண்டுபிடிச்சா."

தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படியாகத்தான் சொன்னாள்.