ஒரு படித் தவிடு

"புள்ளைய வித்துடு" என்றாள் மாணிக்கம்மாள்.

பண்ருட்டி பஸ்ஸை விட்டு இறங்கி, தம்பியின் சுரங்கக் குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஜெயக்கொடி மடியிலிருந்த இருபது நாள் குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டு நாத்தனாரை நிமிர்ந்து பார்த்தாள். இதற்கு முன் பிறந்த இரண்டு ஆண் குழந்தைகளும் ஒரு மாதத்தைத் தாண்டவில்லை. இவனும் இரண்டு நாளாகப் பால் குடிக்காமல் முனகிக்கொண்டிருந்தான். டாக்டர் மருந்து கொடுத்து, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். இரண்டு முறை பட்டவள் காதில் அது ஏறவில்லை.

"விக்கறதுன்னா... நெசமா விக்கறதா அண்ணி?"

"அட இவ ஒருத்தி! தவிட்டுக்குத்தான்டி. திருவதிகையில குறி கேட்டுக்கினு நேரா வரேன். நம்மளவிடக் கீழ இருக்கற ஆளா பாத்து, உசுரோட புள்ள வச்சிருக்கறவளா பாத்து, ஒரு படி தவிட்டுக்கு வித்துடணுமாம். தேடி வர்றவன், இது அந்த வூட்டுப் புள்ளன்னு நெனச்சிக்கினு திரும்பிப் போயிடுவான். வருஷம் திரும்பனதும் வித்த கையே போயி வாங்கிக்கணும். வேற கை வாங்குனா செல்லாது."

தேடி வர்றவன் யார் என்று அவள் சொல்லவில்லை. எமன் பேரை அந்த வீட்டில் யாரும் வாயால் சொல்வதில்லை. ஆனால் அவனுக்கும் சாதி பார்க்கத் தெரியும், சில வீட்டு வாசல்களை அவனும் மிதிக்க மாட்டான் என்பதில் மாணிக்கம்மாளுக்குச் சந்தேகமே இல்லை. அந்த வீட்டுக்காரர்களைக் கேட்டிருந்தால், எங்கள் வாசலில்தான் ஐயா அவன் ஷிப்ட் தவறாமல் நிற்கிறான் என்று சொல்லியிருப்பார்கள். அவர்களை யார் கேட்டது?

கீழ இருக்கற ஆளைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. பின்பக்கம் பலா மரத்தடியில் ஒரு கீற்றுக் கொட்டகை. அதில் தனகோட்டியும் அம்சவல்லியும் வாடகைக்கு இருந்தார்கள். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டை ஓட்டும் பெர்மனென்ட் ஆள் ஜெயக்கொடியின் புருஷன் பழனிவேல். அந்த பெல்ட்டிலிருந்து சிந்தும் கரியை அடியில் குனிந்து அள்ளிப் போடும் கான்ட்ராக்ட் ஆள் தனகோட்டி. தனகோட்டிக்கும் அம்சவல்லிக்கும் எட்டு மாதத்தில் இசைப்பிரியா என்று ஒரு பெண், கன்னம் உப்பி, கொழுகொழுவென்று இருந்தாள். எமன் ஏமாறுவதற்கு அதைவிடப் பொருத்தமான வீடு பதினாறாம் பிளாக்கிலேயே கிடையாது.

பழனிவேல் யூனியனில் கிளைச் செயலாளர். கேட் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தால், உழைக்கிறவனெல்லாம் ஒரே சாதி என்று தொண்டை கட்டும்வரை பேசுவான். வீட்டில் அக்கா பேசும்போது மட்டும் அவனுக்குப் பேப்பரில் படிக்க நிறைய இருக்கும். "அக்கா நல்லதுக்குத்தான சொல்லும்" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து சொன்னான்.

அம்சவல்லியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்கள். அவள் குழந்தையைப் பார்த்தாள். ஜெயக்கொடியின் முகத்தைப் பார்த்தாள். "குடுங்கம்மா, வாங்கிக்கறேன்" என்றாள்.

மாணிக்கம்மாள் மாடு வைத்திருக்கும் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு படி தவிடு தயாராக வாங்கி வைத்திருந்தாள். "இத வாங்கி எங்கிட்டயே குடுத்துடு, போதும்."

"உங்க தவிட்ட உங்களுக்கே குடுத்தா அது எப்பிடிங்கம்மா வாங்கனதாவும்? புள்ள விசயம். வெளையாட்டா செய்யக் கூடாது."

அந்த வெயிலில் மந்தாரக்குப்பம் அரிசி மில்லுக்கு நடந்து போய், தன் காசில் ஒரு படி தவிடு வாங்கி முந்தானையில் கட்டிக்கொண்டு வந்தாள். பின்வாசலில் நின்று முறத்தில் கொட்டினாள். மாணிக்கம்மாள் குழந்தையை அவள் கையில் கொடுக்கவில்லை. குனிந்து வாசற்படியில் கிடத்தினாள். அம்சவல்லி குனிந்து எடுத்துக்கொண்டாள். பிறகு தன் பழம்புடவையைக் கிழித்துச் சுற்றி, "எம் புள்ளைய நல்லா வளத்துக் குடுங்க" என்று சொல்ல வேண்டியபடி சொல்லி, படியிலேயே திரும்ப வைத்தாள். ஜெயக்கொடி ஓடிவந்து தூக்கிக்கொண்டாள்.

பிள்ளை பிழைத்துக்கொண்டான். மருந்து பிழைக்க வைத்ததா, தவிடு பிழைக்க வைத்ததா என்று நாம் சண்டை போட வேண்டாம். பயத்தில் ஜெயக்கொடிக்குப் பால் வற்றிப்போயிருந்தது. மாணிக்கம்மாள் ஊருக்குப் போன மறுநாளே அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் போய், வாயால் கேட்க முடியாமல் அழுதாள்.

"தே, இதுக்கு எதுக்குக்கா அழுவறே? எம் புள்ளதான? காசு குடுத்து வாங்கியிருக்கேன்" என்று அம்சவல்லி சிரித்துக்கொண்டே மடியில் போட்டுக்கொண்டாள்.

பெற்றவளுக்கு ஆறாமல், ஒரு எவர்சில்வர் லோட்டா நிறைய பால் காய்ச்சிக் கொண்டுவந்து அவளைக் குடிக்க வைத்தாள். அது கல்யாணத்துக்கு மாணிக்கம்மாள் செய்த சீரில் ஒன்று. வயிற்றில் அவள் பேரே வெட்டியிருந்தது. அடுத்த மாதம் வந்தவள் கண்ணில் அந்த லோட்டா கொட்டகை வாசலில் பட்டுவிட்டது. "அத அங்கயே வச்சிக்கச் சொல்லு. திரும்ப உள்ள எடுத்தாந்துடாத" என்றாள். லோட்டா அங்கேயே தங்கிவிட்டது.

அந்த வருஷம், அது தொண்ணூற்றாறு, இரண்டு வீடும் ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டுதான் ஓடியது. கான்ட்ராக்ட் கைமாறி தனகோட்டிக்கு இரண்டு மாதம் வேலையில்லாமல் போனபோது ஜெயக்கொடியின் அரிசி கொட்டகையில் வெந்தது. பழனிவேலின் சம்பளத்தைச் சொசைட்டிக் கடன் தின்றுவிட்ட மாசக் கடைசியில் கொட்டகையின் முருங்கைக்கீரை குவார்ட்டர்ஸில் வதங்கியது. ஒரு கிரைப் வாட்டர் பாட்டில் இரண்டு வயிற்றுக்கும் வந்தது. அம்சவல்லி பெருக்குகிற வேலைக்குப் போகும் நாளில் இரண்டு பிள்ளைகளும் ஜெயக்கொடி இடுப்பில். ஜெயக்கொடிக்குக் காய்ச்சல் என்றால் இரண்டும் அம்சவல்லி இடுப்பில். ஆம்பளைகளுக்கும் பொறுப்பு வந்திருந்தது. நைட் ஷிப்ட் முடிந்து வந்த தனகோட்டி ஒரு தூளியை ஆட்டிக்கொண்டே தூங்குவான். அக்கா வராத நாட்களில் பழனிவேல்கூடச் சீர்திருத்தவாதிதான். கொட்டகைச் சாக்கில் சம்மணம் போட்டு, எந்தக் கடையில் பால் மாவு மலிவு என்று தனகோட்டியோடு மணிக்கணக்கில் ஆராய்ச்சி செய்வான்.

அம்சவல்லி அடுப்படிவரை வந்து போனாள். பண்ருட்டி பஸ் வரும் நாளில் மட்டும், யாரும் சொல்லாமலே, துணி துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டாள். கொட்டகைக்குக் குழாய் கிடையாது. குவார்ட்டர்ஸ் கொல்லைக் குழாயில்தான் தினமும் குடம் பிடித்தாள்.

பிள்ளைக்கு வேறு பேர் வைத்திருந்தார்கள். கூப்பிட்டது என்னவோ தவிட்டான் என்றுதான்.

வருஷம் திரும்பியது. காதுகுத்துக்கு முந்தின நாள் மாலை ஜெயக்கொடி கொல்லைப் பக்கம் வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"என்னாக்கா?"

"நாளைக்கு வாங்கின கையோட புள்ளைக்கு மஞ்சத்தண்ணி ஊத்தி முழுவாட்டணுமாம், தீட்டுப் போவ. உங்களுக்குச் சாப்பாடு எல்லாரும் போனப்புறம் பின்னால குடுத்தனுப்பணுமாம். அதோட..." அவள் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தாள். "வேலதான் முடிஞ்சிதே, கொட்டாயக் காலி பண்ணச் சொல்லிடுங்குது அண்ணி. இவுரு வாயத் தொறக்காம ஒக்காந்திருக்காரு."

அம்சவல்லி தூளியிலிருந்த தவிட்டானை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டாள்.

மறுநாள் வாசலில் ஷாமியானா. திருவதிகை, பண்ருட்டி சொந்தமெல்லாம் வந்து இறங்கியிருந்தது. ஆசாரி பெரியண்ணன் தங்கக் கம்பியைத் துடைத்து வைத்துக்கொண்டு, பத்தரைக்குள் நல்ல நேரம் முடிகிறது என்று இரண்டு தரம் சொல்லிவிட்டார். முறைப்படி பிள்ளை விடிகாலையிலிருந்து வாங்கியவளிடம் இருந்தான். மாணிக்கம்மாள் பட்டுப்புடவை சரசரக்க, ஒரு படி தவிடும் ஒரு நூல் புடவையும் முறத்தில் வைத்துக்கொண்டு பின்வாசலுக்கு வந்தாள். சொந்தம் பின்னால் கூடியது.

"ஏ அம்சவல்லி! புள்ளையக் கொண்டாந்து படியில வுடு. நேரமாவுது."

அம்சவல்லி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

"வாங்கறவங்கதாங்கம்மா வரணும்."

"என்னாடி?"

"போன வருசம் நான் வாங்கனேன், உங்க வாசலுக்கு நான் வந்தேன். இன்னிக்கி வாங்கறது நீங்க. எங்க வூட்டுக்கு வாங்க. உள்ள வந்து ஒக்காருங்க. ஒரு லோட்டா தண்ணி குடிங்க. புள்ளைய உங்க கையிலயே குடுக்கறேன். படியில வெக்க மாட்டேன்." குரலை அவள் உயர்த்தவே இல்லை.

பழனிவேல் வேர்த்துப்போய், "தனகோட்டி, நீயாவது சொல்லுய்யா" என்றான்.

ஒரு வருஷமாக அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையைக் கட்டிக்கொண்டு, "வாங்கனது அவதாங்க சார். அவ காசுங்க" என்றான்.

"நான் போயி வாங்கிக்கறேன்" என்று பழனிவேல் கிளம்பினான். மாணிக்கம்மாள்தான் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். வித்த கைதான் வாங்க வேண்டும். குறி கேட்டுக்கொண்டு வந்தவள் அவளே.

அவள் போனாள். தாழ்ந்த கீற்றுக்குத் தலையைக் குனிந்து உள்ளே நுழைந்து, சாக்கின் ஓரத்தில் பாதி உட்கார்ந்தும் உட்காராமலும் இருந்தாள். அம்சவல்லி லோட்டாவை இரண்டு கையாலும் நீட்டினாள். வாங்கிய மாணிக்கம்மாளின் விரல், வெட்டியிருந்த எழுத்தில் பட்டது. திருப்பிப் பார்த்தாள். அவள் பேர்தான்.

"இது..."

"ஆமாங்கம்மா. உங்க லோட்டாதான். நல்லா புளி போட்டு வெளக்கியிருக்கேன்."

"தண்ணி?"

"உங்க தம்பி வூட்டுக் கொழாத்தண்ணிதாங்க. எங்களுக்கு ஏதுங்க கொழா?"

தன் பேர் வெட்டிய லோட்டா. தம்பி வீட்டுத் தண்ணீர். லோட்டா மார்பு உயரம்வரை வந்தது. அங்கேயே நின்றது. அந்தப் பிள்ளை மேல் அவளுக்கு உயிர், பொய்யில்லை. அவனுக்காகக் கிணற்றில் குதி என்றால் குதித்திருப்பாள். வாசலில் பண்ருட்டிச் சொந்தம் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. யாரோ ஒரு கிழவர், "குடிச்சிட்டுத்தான் வாயேன், நேரம் போவுதுல்ல" என்றார். அவரையே பக்கத்திலிருந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். மாணிக்கம்மாள் லோட்டாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே வந்தாள்.

"டேய் பழனிவேலு! இந்தக் கொட்டாய இன்னிக்கே பிரிக்கச் சொல்லுடா!"

"பிரிக்கலாம் அண்ணி" என்றாள் ஜெயக்கொடி. எல்லாரும் திரும்பினார்கள். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கொட்டகைக்குள் போய்க்கொண்டிருந்தாள். "அவ போனா புள்ளையும் கூடப் போவணும். வாங்காத புள்ளைய வூட்ல வெச்சிக்கினா தேடி வர்றவனுக்கு என்னான்னு பதில் சொல்றது? நீங்கதான குறி கேட்டுக்கினு வந்தீங்க?"

கீழேயிருந்த லோட்டாவை எடுத்து மடமடவென்று குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல அண்ணி. உங்க தம்பி புள்ளைக்கும் புதுசு இல்ல. எனக்குப் பால் வத்திப் போயி கெடந்தப்ப அவன் யார் பாலக் குடிச்சிப் பொழச்சான்னு இப்ப தெரிஞ்சிக்கோங்க. மஞ்சத்தண்ணி ஊத்துனா மேலுக்குத்தான் போவும். உள்ள போனதுக்கு என்னா ஊத்துவீங்க?"

பத்தரை தாண்டியது. இன்னொருத்தி பிள்ளைக்கு நாம் காது குத்துவதா என்று மாணிக்கம்மாள் முடியாது என்றுவிட்டாள். பெரியண்ணன் வெற்றிலைபாக்கை வாங்கிக்கொண்டு கம்பியைச் சுருட்டினார். வடை பாயசத்தோடு சமைத்ததை வீணாக்கக் கூடாது என்பதில் மட்டும் இரண்டு ஊர்ச் சொந்தத்துக்கும் ஒரே கருத்து. காது குத்தாத காதுகுத்தில் மூன்று பந்தி நடந்தது. தவிட்டைப் பக்கத்து வீட்டு மாடு தின்றது. ஜெயக்கொடி முதல் பந்தியிலேயே இரண்டு இலையை எடுத்துப் போய்க் கொட்டகையில் போட்டாள். பழனிவேல் அன்றைக்கும் பேப்பர் படித்தான். ஆனால் கொட்டகையைப் பிரிக்கச் சொல்லும் தைரியம் அவனுக்கு வரவில்லை. பிள்ளையின் உயிர் சமாசாரம் அல்லவா!

இப்போது தவிட்டானுக்கு ஐந்து வயது. காது மூளியாகத்தான் இருக்கிறது. இரண்டு வீட்டிலும் சாப்பிடுகிறான், இரண்டு வீட்டிலும் அடி வாங்குகிறான். மாணிக்கம்மாள் வருஷத்துக்கு இரண்டு தரம் பண்ருட்டியிலிருந்து வருகிறாள். பேரம் பேச, இப்போது அவள்தான் துவைக்கிற கல்லுக்கு அருகே வந்து நிற்கிறாள். அம்சவல்லி அந்த லோட்டாவில் தண்ணீர் மொண்டு கல்லின் மேல் வைப்பாள்.

போன பொங்கலுக்கும் அப்படித்தான். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை மூச்சிரைக்க ஓடிவந்து, அத்தைக்கு வைத்த லோட்டாவை எடுத்து அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கல்லில் கவிழ்த்துவிட்டு ஓடினான். மாணிக்கம்மாள் அவன் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"இப்பவாவது குடுத்துடேன்டி. தோடு வேணுமா? நல்ல பட்டா ஒண்ணு எடுத்தாரட்டுமா? என்னா வெலைன்னு சொல்லு."

அம்சவல்லி லோட்டாவை நிமிர்த்தி, குழாயைத் திறந்து மறுபடியும் பிடித்தாள்.

"வெல ஒண்ணும் ஏறலீங்கம்மா. அதே ஒரு லோட்டா தண்ணிதான்."