நிறுத்திவிட்டுச் சொல்

கை நடுவில் நிற்கிறது, இடப்பக்கம் ஜெனரேட்டரை நிறுத்தும் கைப்பிடி, வலப்பக்கம் சுவரில் தொலைபேசி, இரண்டுக்கும் நடுவே காற்றில் நிற்கிறது கை, கண்ணெதிரே எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் நான்கிலிருந்து மூன்றுக்கு இறங்குகிறது, விழவில்லை, உண்ட மயக்கத்தில் நாற்காலியில் சரிகிறவனைப்போல மெல்லச் சரிகிறது, எனக்கு இருபத்தாறு வயது, போர்க்கப்பலின் இயந்திர அறையில் நிற்கிறேன், கை வலப்பக்கம் போகிறது, போனது, எப்போதும் அங்கேதான் போகும், ஏனென்றால் கடற்படையில் கீழே நிற்பவன் எதையும் நிறுத்துவதில்லை, சொல்வான், மேலிருந்து நிறுத்து என்று ஆணை வரும், அதைத் திருப்பி ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் கைப்பிடியைத் தொடுவான், அந்த ஜெனரேட்டரை நம்பி மேலே ரேடார் ஓடுகிறது, அதை நம்பிப் பீரங்கி இருக்கிறது, கீழே ஒருவன் பயந்து இழுத்தால் கப்பல் குருடாகிவிடும், ஆகவே சொல், சொல்லிவிட்டு நில், தொலைபேசியில் வந்த இளம் அதிகாரி, இரு, கேட்டுச் சொல்கிறேன் என்றார், அவர் யாரைக் கேட்டார், அந்த ஆள் யாரைக் கேட்டார், முள் இரண்டு, முள் ஒன்று, அழுத்தம் குறைந்தால் தானாக நிற்க வேண்டிய இயந்திரம் தானாக நிற்கவில்லை, பிறகு அந்த வாடை, கருகிய எண்ணெயும் உருகிய பேரிங்கும் கலந்த வாடை, நிறுத்து என்று ஆணை வந்தபோது அங்கே நிறுத்த ஒன்றும் மிச்சமில்லை, அது இறுகி நின்றுபோயிருந்தது. விசாரணையில் என்னைப் பாராட்டினார்கள், முறைப்படி உடனே தெரிவித்தான் என்று எழுதினார்கள், அன்று மதியம் வயிறாரச் சாப்பிட்டேன், இன்றைக்கும் அந்தச் சாப்பாடுதான் உறுத்துகிறது, பேரிங் அல்ல.

பதினைந்து வருடம் முடிந்து வெளியே வந்தவனுக்கு ஒரு பெட்டி, ஒரு கடிகாரம், ஒரு கைகுலுக்கல், தூத்துக்குடியில் வீடு, என் தொழில் கையில் இருக்கிறது, சரக்குக் கப்பலில் இன்ஜினியராகப் போய்விடலாம் என்று நினைத்தேன், கையில் இருப்பது போதாது, அது காகிதத்தில் இருக்க வேண்டும், தேர்வு அலுவலகத்து ஜன்னலில் ஒரு அம்மாள் என் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பதினஞ்சு வருஷம் கப்பல்ல இருந்தீங்கன்னு போட்டிருக்கு சார், எந்த இன்ஜின்ல எத்தனை மாசம் வாட்ச் பார்த்தீங்கன்னு போடலியே, சும்மா இருந்தாக்கூட இருந்ததுதானே என்றார், கோபம் வரவில்லை, சிரிப்பு வந்தது, நான் வாட்ச் நின்ற ஒவ்வொரு நான்கு மணி நேரமும் பதிவேட்டில் இருக்கிறது, பதிவேடு கப்பலில் இருக்கிறது, கப்பலின் காகிதம் வெளியே வராது, பழைய தளத்துக்கு மூன்று முறை கடிதம் போட்டுக் குதிரைத்திறனும் மாதமும் தேதியுமாக ஒரே ஒரு தாள் வாங்க ஒரு வருடம் போயிற்று, அதற்குள் ஒரு கண்ணாடிக் கட்டிடத்தின் அடியில் ஜெனரேட்டர் பார்க்கும் இரவு வேலையில் சேர்ந்து எட்டாவது மாதம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் விட்டேன், அங்கே மின்சாரம் போகவே இல்லை, ஓடாத இயந்திரத்தின் எதிரில் உட்கார்ந்திருப்பதற்கு நான் எதற்கு, ஒரு நாற்காலி போதும்.

எழுத்துத் தேர்வுகளில் கரை சேர்ந்தேன், கொதிகலன் தெரியும், பம்பு தெரியும், வாய்மொழித் தேர்வில்தான் தட்டியது, தேர்வாளர் தீனதயாளன், கடலில் பாதி ஆயுளைக் கழித்தவர், மூக்குக் கண்ணாடியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் பேசுவார், நடுக்கடல், வாட்ச்ல நீங்க தனியா இருக்கீங்க, ஜெனரேட்டர்ல ஆயில் பிரஷர் விழுது, என்ன பண்ணுவீங்க என்றார், என் கேள்வியையே என்னிடம் கேட்கிறாரே என்று நினைத்தபடி, சீஃப் இன்ஜினியருக்குத் தெரிவிப்பேன் சார் என்றேன், அவர் தூங்குறார் என்றார், எழுப்புவேன் சார், எழுந்து சட்டை மாட்டிக்கிட்டு அவர் வரணும் இல்ல, அது வரைக்கும் என்றார், போனைக் கையில வச்சுக்கிட்டு நிப்பேன் சார் என்று நான் சொல்லவில்லை, முகம் சொல்லியிருக்கும், அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார், நீங்க நல்ல சிப்பாய், எனக்கு வேண்டியது இன்ஜினியர், போயிட்டு வாங்க. இரண்டாம் முறை கொதிகலனில் தண்ணீர் இறங்கும் கேள்வி, பதில் எல்லாம் தெரியும், வாய் திறந்தால் முதலில் வருவது தெரிவிப்பேன், நாக்கில் பச்சை குத்தியதுபோல அந்த ஒரு சொல், அவர் மறுபடி தேறவில்லை என்று எழுதிவைத்தார், இன்னும் ஒரு முறைதான், அதிலும் தவறினால் எழுதித் தேறியதெல்லாம் போய் முதலிலிருந்து வரவேண்டும், எனக்கு முப்பத்தைந்து, முதலிலிருந்து என்பது அந்தக் கண்ணாடிக் கட்டிடத்தின் நாற்காலி.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் காலை அடுப்படியில் கேள்விப் புத்தகத்தோடு நிற்கிறேன், அடுப்பில் பால், அது விளிம்புக்கு ஏறுகிறது, நான் சத்தம் போடுகிறேன், ரெக்சலின், பால் பொங்குது, ரெக்சலின், என் மனைவி கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் ஈரக்கையோடு ஓடிவந்து அடுப்பை அணைத்தாள், பாதிப் பால் மேடையில், அவள் பாலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள், அடுப்புக்குப் பக்கத்துலதான நிக்கீய, கை விளங்காமப் போச்சா, பால் பொங்குதுன்னு எனக்குத் தந்தி அடிக்கீயளோ, சொல்லிட்டா ஒங்க கடமை முடிஞ்சுட்டோ என்றாள், நான் புத்தகத்தை மூடினேன், அந்தப் பழைய வாடை அடுப்படியில் வந்தது, பால் கருகும் வாடைதான், ஆனாலும் வந்தது, முதன்முறையாக அவளிடம் அந்தப் பேரிங்கைப் பற்றிச் சொன்னேன், பாராட்டியதையும் அன்று சாப்பிட்டதையும் சேர்த்து, அவள் மேடையைத் துடைத்தபடியே கேட்டாள், ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை, சரி, இனிமே காலையில பால் ஒங்க பொறுப்பு, நான் அங்கன வரமாட்டேன், கூப்பிட்டாலும் வரமாட்டேன். இருபது நாள் பால் காய்ச்சினேன், முதல் ஐந்து நாளும் வாய் அவள் பெயரை எடுத்தது, கொல்லையிலிருந்து, இங்க யாரும் இல்ல, ரெக்சலின் செத்துட்டா என்று பதில் வந்தது, ஆறாம் நாள் கை முந்தியது.

மூன்றாம் முறை, அதே மேசை, கவிழ்த்த கண்ணாடி, அதே ஜெனரேட்டர், அவர் மறக்கவில்லை, வேண்டுமென்றே கேட்டார், மடியில் என் கை இடப்பக்கம் நகர்வதை நானே பார்த்தேன், ஸ்டாண்ட்பை ஜெனரேட்டரை ஓட்டி லோடை மாத்திட்டு, இதை நிறுத்துவேன் சார், ஸ்டாண்ட்பை ஸ்டார்ட் ஆகல என்றார், அப்பவும் நிறுத்துவேன் சார், கப்பல் இருட்டாயிடுமே, ஆகட்டும் சார், நடுக்கடல்ல இருட்டிலேருந்து திரும்பி வரலாம், உருகின பேரிங்கிலேருந்து வர முடியாது, சீஃப் வந்து திட்டினா, திட்டட்டும் சார், நிறுத்தினது நான்தான்னு சொல்லுவேன். அவர் கண்ணாடியை மாட்டாமலே கையெழுத்துப் போட்டார், இதை எங்க கத்துக்கிட்டீங்க, போன தடவை இல்லியே, அடுப்படியில சார் என்றேன், விளையாட்டென்று நினைத்துச் சிரித்தார், நான் சிரிக்கவில்லை, வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன், ரெக்சலினை அழைத்தேன், முடிஞ்சுது என்றேன், எப்படி முடிஞ்சுது என்றாள், நல்லபடியா என்றேன், அப்ப நாளையிலிருந்து பாலை நானே பாத்துக்கிடுதேன் என்றாள்.

இப்போது காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை என் வாட்ச், சரக்குக் கப்பல், நான் நான்காம் இன்ஜினியர், சுற்றிலும் கடல் என்று சொல்கிறார்கள், கீழே இருப்பவனுக்கு அது தெரிவதில்லை, முள் தெரிகிறது, முள் நான்கு, முள் மூன்றரை, அது சரிகிறது, எனக்கு அந்தச் சரிவு தெரியும், இருபத்தாறு வயதிலிருந்து தெரியும், கை எழுந்து காற்றில் வருகிறது, நடுவில் நிற்கவில்லை, இரண்டாவது ஜெனரேட்டர் உறுமிப் பிடித்துக்கொள்கிறது, லோடு மாறுகிறது, விளக்குகள் ஒருமுறை மங்கி நிமிர்கின்றன, இடக் கைப்பிடியை இழுக்கிறேன், இரைச்சலில் ஒரு பங்கு குறைகிறது, பிறகுதான் வலப்பக்கம் திரும்பினேன், அதற்குள் தொலைபேசியே ஒலித்தது, சீஃப் ஜமாலுதீன், நாகூர்க்காரர், விளக்கு மங்குனுச்சே தம்பி, யாரு எதை நிறுத்துனது, நான்தான் சார், ஒண்ணாம் நம்பர், பிரஷர் விழுந்துச்சு, நிறுத்திட்டேன், பேரிங் எப்படி இருக்கு என்றார், தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு கையை நீட்டி பேரிங் மூடியின்மேல் உள்ளங்கையை வைத்தேன், வைக்க முடிந்தது, வைத்தபடியே இருக்க முடிந்தது, காய்ச்சல் விட்ட பிள்ளையின் நெற்றிச் சூடுதான், தொட முடியுது சார், அப்ப சரி, நான் பசியாறிட்டு வர்றேன் என்று வைத்துவிட்டார், எனக்கும் பசித்தது, கையை இன்னும் எடுக்கவில்லை.