அடுத்த கேள்வி

...அந்த சைக்கிள் வாங்கிக் கொடுத்த மாமா நிஜத்தில் யாருக்கும் கிடையாது, ஆனால் தாராவியில் எங்கள் இங்கிலீஷ் பரீட்சைக் கோச்சிங் கிளாஸில் படித்த எல்லாருக்கும் அவர்தான் மாமா, மறக்க முடியாத பரிசு என்றாலும் அவர், பிடித்த உறவினர் என்றாலும் அவர், எந்தக் கேள்வியையும் சைக்கிள் பக்கம் வளைத்துவிட்டால் இரண்டு நிமிடம் ஓடிவிடும் என்றார் நம்பிராஜன் சார், உருப்போட்டோம், எனக்கு அது பெரிய வேலையில்லை, வாஷி கால் சென்டரில் நைட் ஷிப்டில் எழுதிக் கொடுத்ததைத்தானே பேசிக்கொண்டிருந்தேன்... இப்போது இங்கிலீஷ் பரீட்சையை மாற்றிவிட்டார்கள். எதிரே ஆள் இல்லை, கம்ப்யூட்டர். நாம் சொல்வதைக் கேட்டு, அதிலிருந்தே அடுத்த கேள்வியை எடுக்கிறது. உருப்போட்டதென்று தெரிந்தால் மார்க் கிடையாது. இன்று மதியம் எனக்கும் பைசானுக்கும் வாஷியில் பரீட்சை. மார்க் வராவிட்டால் அயர்லாந்து காலேஜில் எனக்கு வைத்திருக்கும் இடம் போய்விடும், பி.காமைப் பாதியில் விட்டவனை வேறு எந்தக் காலேஜ் கூப்பிடப் போகிறது?

நான் திலக் நகரில் ரயில் ஏறும்போது பைசான் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தான். கிளாஸில் என் கூடப் படித்தவன், அவன் அப்பாவுக்குத் தோல் பட்டறை. உட்கார்ந்ததுமே அவன்தான் கம்ப்யூட்டர். சைக்கிள் என்ன நிறம் என்று இங்கிலீஷில் கேட்டான், சிவப்பு என்றேன், இப்போது எங்கே, திருட்டுப் போய்விட்டது, மாமா ஏன் உன் அக்காவுக்கு வாங்கித் தரவில்லை... கோவண்டி ஸ்டேஷன் வரும்வரை யோசித்தேன். "சோலி முடிஞ்சுது. சல், நெக்ஸ்ட் கேள்வி" என்றான். "பொய் சொன்னா அது தோண்டிக்கிட்டே போவும் மக்கா. நெசத்தச் சொல்லு. நெசத்துக்கு ஸ்கிரிப்ட் வேண்டாம்லா."

சரி, நிஜத்தையே கேள் என்றேன். கால் சென்டர் வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டான். மேற்படிப்புக்காக என்று இங்கிலீஷில் ஆரம்பித்தேன், வாக்கியம் வழுக்கிக்கொண்டு வந்தது. "எந்தப் படிப்பு? அதத்தான் முன்னாலயே விட்டாச்சேல." உண்மைதான். வீட்டில் மகேஸ்வரி அக்காவிடம் தலைவலி என்றேன், மேனேஜரிடம் படிப்பு, இவனிடமே சம்பளம் போதவில்லை என்றேன், யாரும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை, கேட்கமாட்டார்கள் என்று தெரிந்துதான் சொன்னேனோ? அன்றைக்கு விசேஷமாக எதுவும் நடக்கவில்லை. யாரும் திட்டவில்லை. ஒரு கிழவர் இன்டர்நெட் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார், உங்கள் சிரமம் புரிகிறது என்றேன், ஹெட்செட்டைக் கழற்றி மேஜையில் வைத்தேன், அதற்குள்ளிருந்து அவர் குரல் பூச்சி மாதிரி வந்துகொண்டே இருந்தது, நான் படியிறங்கிவிட்டேன். கோபமா? இல்லை. அலுப்பா? அலுப்பென்றால் முதல் வாரமே விட்டிருப்பேன். பிறகு என்ன...

ரயில் மான்குர்த்தைத் தாண்டிக் கழிமுகப் பாலத்தில் ஏறியது. காற்றில் சேற்று நாற்றம். வாசலில் நின்றவர்கள் வாஷியில் இறங்கத் தயாரானார்கள்.

"என்ன, இங்கிலீஷ் வரலியா?" என்றான் பைசான். "தமிழ்லயே சொல்லு. நான் மாத்தித் தாரேன்."

வாயைத் திறந்தேன். இத்தனை நாளும் இங்கிலீஷைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்... தமிழிலும் ஒரு வார்த்தை வரவில்லை. பைசான் சிரிக்கவில்லை. அடுத்த கேள்வியையும் கேட்கவில்லை.