எஞ்சினுக்குச் செய்த அபிஷேகம்

எங்கள் அம்மன் கோயில் தெப்பத்தை இழுக்கும் உரிமை மேல்வீட்டாருடையது. மேல்வீடு என்றால் நாங்கள். கீழ்வீட்டுக்காரர்கள் கரையில் நின்று கும்பிட்டுக்கொள்ளலாம். அதை நாங்கள் ஒருநாளும் தடுத்ததில்லை.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வந்தபின் எங்கள் ஊர் மனைக்கு மவுசு கூடிவிட்டது. குளத்தைச் சுற்றி வீடு கட்டியவர்கள் காம்பவுண்டுச் சுவரைத் தண்ணீர் வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். தெப்பக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குளத்தைச் சுற்றிவர வேண்டுமானால் இப்போது ஊரார் சமையலறை வழியாகத்தான் போகவேண்டும். கோயில் கரை ஒன்றுதான் மிச்சம்.

கீழ்வீட்டுக் கண்ணாயிரம் என் பங்காளி. என்னைவிட இளையவன். அவன் ஊர்க்கூட்டத்தில் ஒரு யோசனை சொன்னான். அந்த ஒரு கரையில் தன் டிராக்டரை விட்டுத் தெப்பத்தை இழுப்பானாம். போகும்போது நேராக, வரும்போது ரிவர்ஸில்.

"நான் உயிரோட இருக்கிற வரைக்கும் அம்மன் ரிவர்ஸ்ல வரமாட்டா" என்றேன். என் பேரன்கள் ஓசூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள், நீந்தி இழுக்க எனக்கு வயதில்லை. ஆகவே தெப்பத்தைப் படகு வைத்து இழுப்போம் என்று சொல்லிவிட்டேன். கூட்டம் ஒப்புக்கொண்டது. படகு ஓடாவிட்டால் டிராக்டர் இழுக்கும், உரிமையும் டிராக்டரோடு கீழ்வீட்டுக்குப் போய்விடும் என்று ஒரு வாலையும் ஒட்டிவைத்தது.

கடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பழைய ஃபைபர் படகு வந்து இறங்கியது. பின்னால் ஒரு சின்ன டீசல் எஞ்சின், அதற்கு நீண்ட வால், வாலின் நுனியில் விசிறி. செங்கம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் ஷோயப் அதைக் கழற்றி மாட்டிச் சரிசெய்தான். திருவிழாவன்று காலையில் புது ஆயில் ஊற்றிவிட்டு, "நான் வர்ற வரைக்கும் யாரும் கை வெக்காதீங்க" என்று சொல்லி டீ குடிக்கப் போனான்.

கை வைக்காமல் எப்படி இருக்கமுடியும்? மேல்வீட்டுக்கு வருகிற பொருள் பூசை போடாமல் தொழிலுக்குப் போனதில்லை. வண்டியென்றால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கலாம். படகுக்குச் சக்கரம் ஏது? அதனால் எஞ்சினுக்கே அபிஷேகம் என்று முடிவெடுத்தேன். "ஒரு பாகம் விடாம பொட்டு வையி" என்று மருமகள் வினோதினியிடம் சொன்னேன். சொன்னால் சொன்னபடி செய்கிற பெண். எஞ்சின் தலையிலிருந்த மூடியையும் திருகிக் கழற்றி, தாம்பாளத்தில் வைத்து, அதற்கும் சந்தனம் குங்குமம் இட்டாள்.

பூசாரி பிரகாஷ் சொம்பைத் தூக்கிக்கொண்டு எஞ்சினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"ஐயா, எந்த எடத்துல ஊத்தணும்? மொகம் எதுன்னே தெரியல."

"தலையில ஊத்து."

"தலையில வாய் தொறந்துகீதுங்க."

"தொறந்திருந்தா நல்லதுதான். ஊத்து" என்று கையைக் காட்டினேன்.

பால், இளநீர், மஞ்சள் தண்ணீர், பஞ்சாமிர்தம். எந்த அம்மனும் இவ்வளவு வேகமாகக் குடித்து நான் பார்த்ததில்லை. மூடியைப் போட்டு, மாலை சாத்தி, நல்ல நேரம் முடிவதற்குள் கைப்பிடியைச் சுற்றச் சொன்னேன். எஞ்சின் இரண்டு தும்மல் தும்மியது. பிறகு வயிற்றுக்குள் யாரோ உரலில் இடிப்பதுபோல் ஒரு சத்தம்.

ஷோயப் கையில் டீ கிளாசோடு ஓடிவந்து எஞ்சினை நிறுத்தினான். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி வெளிச்சத்தில் பிடித்தான். கம்பியிலிருந்து வெள்ளையாக ஒழுகியது. அதையும் தன் டீயையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பெரியவரே, இன்னா இது? ரெண்டும் ஒரே கலர்ல கீது."

"நீ ஊத்துன ஆயில்தானே?"

"நான் ஊத்தனது தேன் மாதிரி இருந்துச்சி. இதுல தண்ணி பூந்துடுச்சி. இது காத்துல குளிர்ற எஞ்சினு, உள்ள தண்ணிக்கு வேலையே இல்ல. மேலேர்ந்துதான் வந்திருக்கணும். யாராச்சும் எதுனா ஊத்துனீங்களா?"

பிரகாஷ் சொம்பை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

கண்ணாயிரம் கரையில் டிராக்டர்மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கும் அவனுக்கும் நேர்ப்பேச்சு கிடையாது. என் மகன் கல்யாணப் பந்தியில் அவனுக்கு இரண்டாவது வடை வைக்கவில்லை என்று எழுந்துபோனவன். அதிலிருந்து சாவுக்கு மட்டும் போய்வருவோம். பேசவேண்டியதை நடுவில் யாரையாவது நிறுத்திப் பேசுவோம்.

"ஷோயப் பாய்" என்றான். "மேல்வீட்டு எஞ்சினுக்குச் சளி புடிச்சிகீதான்னு கேட்டுச் சொல்லு."

"ஷோயப், மத்தவங்கள அவங்கவங்க வேலையப் பாக்கச் சொல்லு" என்றேன்.

"எனக்கு ஒரு வேலைதான். கயித்தக் கட்டிக்கினு ரெடியா கீறேன்னு சொல்லு."

ஷோயப் எஞ்சினுக்கு அடியில் ஒரு சட்டியை வைத்து, கீழ் நட்டைத் திருகினான். மோர்போல ஆயில் இறங்கியது. கூடவே ஒரு மல்லிகை இதழ். பிறகு ஒரு வாழைப்பழத் துண்டு.

"வெறும் தண்ணின்னு நெனச்சேன்" என்றான். "உள்ள பந்தியே நடந்துகீது."

"பொழைக்குமா?"

"அலசுனா பொழைக்கும். நல்லவேள, ரொம்ப நேரம் ஓட்டல. புது ஆயில் ஊத்திக் கொஞ்ச நேரம் ஓட்டணும், சூட்டோட எறக்கணும், திரும்ப ஊத்தணும். வெள்ள போற வரைக்கும் விடக்கூடாது. அதுக்கு ஆயில் ஜாஸ்தி வேணும். என்கிட்ட கம்மியா கீது, ஒரு தபா ஊத்தக்கூட வராது."

"டவுனுக்கு ஆள் அனுப்பு."

"இன்னிக்குப் பௌர்ணமிங்க! கிரிவலம் போற ஜனத்துல ரோட்டையே அடைச்சிட்டாங்க. ஆயில் கடை அதுக்கு அந்தாண்ட கீது. போறவன் மலைய சுத்திப் புண்ணியத்தோட நாளைக்குத்தான் வருவான்."

கோயிலில் விளக்குக்கு வந்த நல்லெண்ணெய் டின் டின்னாக இருந்தது. அதை ஊற்றலாமே என்றேன். ஷோயப் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஐயா, இது எஞ்சினா, கொழந்தையா? குளிப்பாட்டுனது போதாதா, எண்ண வேற தேய்க்கணுமா?"

டிராக்டர் சீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய ஆயில் கேன் கட்டியிருந்தது. நான் பார்த்தேன். எல்லாருமே பார்த்தார்கள். கண்ணாயிரம் மட்டும் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு கையால் கேனைத் தட்டிக்கொண்டிருந்தான்.

வினோதினி என் பக்கத்தில் வந்தாள். "மாமா, நான் போய்க் கேக்கட்டுமா?"

"மேல்வீட்டு மருமக கீழ்வீட்டுல போய் நிக்கிறதா?"

"அப்ப நீங்க போங்க."

"நானா!"

"யாரும் போகலன்னா விடுங்க. அம்மன் ரிவர்ஸ்ல வரட்டும்" என்றாள்.

நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். குனியவில்லை, நிமிர்ந்துதான் போனேன். டிராக்டர்முன் நின்று, நடுவில் யாரையும் நிறுத்தாமல், "கண்ணாயிரம்" என்றேன்.

வேறொரு கண்ணாயிரம் இருக்கிறானா என்று அவன் திரும்பிப் பார்த்தான். "என்னையாண்ணா?"

"ஆயில் கேன் வேணும்."

"எதுக்குண்ணா?"

"எஞ்சினுக்கு."

"காலைலதான புது ஆயில் ஊத்தனாங்க? நானே பாத்தேனே. அதுக்கு இன்னா ஆச்சி?"

எல்லாம் தெரிந்துதான் கேட்டான். கரை முழுக்க ஜனம் வாயை மூடிக்கொண்டு காதைத் திறந்துவைத்திருந்தது. மூடியைக் கழற்றியது மருமகள், ஊற்றியது பூசாரி என்று சொல்லியிருக்கலாம். வீட்டுப் பெண்ணின் தலையிலும், கூலிக்குப் பூசை செய்கிறவன் தலையிலும் பழியைப் போட்டுத் தப்பிக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

"நான்தான் அபிஷேகம் பண்ணச் சொன்னேன். ஊத்துற எடத்தையும் நான்தான் காட்டுனேன். பாலும் பஞ்சாமிர்தமும் வயித்துக்குள்ள போயிடுச்சி" என்றேன், கடைசிப் படியில் நிற்பவனுக்கும் கேட்கிற மாதிரி.

கண்ணாயிரம் சிரித்த சிரிப்பில் சீட்டிலிருந்து சரிந்து மட்கார்டில் தொங்கினான். கரையே சிரித்தது. பிரகாஷ்கூடச் சிரித்தான், அவனை மட்டும் நான் மறக்கமாட்டேன்.

"எனக்கு ரெண்டாவது வடைக்கு வழியில்ல" என்றான் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எஞ்சினுக்குப் பஞ்சாமிர்தமாண்ணா?"

"கேன் தருவியா, மாட்டியா?"

"தரேன். ஆனா என் ஆயில் எங்க போவுதோ அங்க நானும் போவேன். போட்டுல எனக்கும் எடம் வேணும்."

"பின்னாடி உக்காரு."

"எஞ்சினே பின்னாடிதான கீது. சரி" என்று கேனை அவிழ்த்தான்.

ஊற்றி, ஓட்டி, இறக்கி, ஷோயப் மாலை வரை அலசினான். ஒவ்வொரு தடவையும் சட்டியில் வெள்ளை குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் கம்பியை உருவி என் முன்னால் நீட்டினான். ஆயில் ஆயிலாகவே இருந்தது. "இனிமே இதுக்கு யாரும் சோறு ஊட்டாதீங்க" என்றான்.

பொழுது சாயும்போது படகைத் தெப்பத்தோடு கட்டிக் கிளப்பினோம். முதலில் வெள்ளைப் புகை வந்தது, அதில் கருகிய வெல்ல வாசனை. அது அம்மனுடைய அருள் என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் முன்னால் நின்றேன். கண்ணாயிரம் எனக்குக் கை எட்டும் தூரத்தில் பின்னால் உட்கார்ந்து எஞ்சினின் வாலைப் பிடித்துத் திருப்பினான். தெப்பம் அசைந்து நகர்ந்தது, நேராக, முன்னோக்கி.

"உக்காருண்ணா, கயிறு இழுக்கும்" என்று கத்தினான்.

மேல்வீட்டார் தெப்பத்தின் முன் உட்கார்ந்ததில்லை. நின்றேன். கயிறு விறைத்துப் படகு வெட்டியது. நான் தண்ணீரைப் பார்த்துச் சாய்ந்தேன். ஒரு கையில் வாலைப் பிடித்தபடியே அவன் எட்டி என் இடுப்பைப் பற்றினான். கைக்கு அகப்பட்டது அரைஞாண் கயிறுதான். அதைப் பிடித்தே என்னைக் குளம் முழுக்க நிறுத்திவைத்தான். காம்பவுண்டுச் சுவரெல்லாம் ஜனம் செல்போனோடு ஏறியிருந்தது. மேல்வீட்டு மானம் மொத்தமும் கீழ்வீட்டுக்காரன் விரலில் தொங்கியது யாருக்கும் தெரியவில்லை. வேட்டி மறைத்துக்கொண்டது.

கரை சேர்ந்ததும் பிரகாஷ் பரிவட்டத்தோடு வந்தான். தெப்பம் இழுத்த வீட்டாருக்குத் தலையில் கட்டும் பட்டுத் துணி அது. என் தலையில் கட்டினான். கண்ணாயிரம் கையிலிருந்த ஆயிலை டிராக்டர் டயரில் துடைத்துக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"இன்னொரு துணி இருக்கா?" என்று பிரகாஷிடம் கேட்டேன்.

"எப்பவும் ஒண்ணுதானுங்களே?"

தலையிலிருந்ததை அவிழ்த்து அவனிடமே கொடுத்தேன்.

"கிழி" என்றேன். "பெரிய துண்டு எனக்கு."