பட்டியலில் ஒரு த. கீதா

எங்கள் அலுவலகத்தில் இரண்டு கீதா. நான் டி. கீதா, அவள் டீ. கீதா. படித்ததும் குழம்பினால் தப்பு உங்களுடையதல்ல. என் கணவர் பெயர் தயாளன். ஆங்கிலத்தில் எழுதினால் டில்லிக்கு வரும் முதல் எழுத்து. அவளுடைய அப்பா பெயர் தணிகாசலம்; ஆங்கிலத்தில் டீக்கு வரும் முதல் எழுத்து. ஆகவே நான் டில்லி கீதா, அவள் டீ கீதா. நான் திருப்பதியைத் தாண்டி வடக்கே போனதில்லை. அவள் டீ குடிப்பதில்லை. ஆபீஸில் பெயர் வைப்பவர்கள் இதையெல்லாம் விசாரித்துவிட்டா வைக்கிறார்கள்?

அலுவலகம் தாம்பரத்தில். எது என்று சொல்ல மாட்டேன், பெயரால் பட்டது போதும். இருவருமே தற்காலிகக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர்கள். எனக்குப் பதினொரு வருஷம், அவளுக்கு ஏழு. சான்றிதழ் அடித்துக் கொடுப்பதுதான் வேலை. இந்தப் பக்கம் பிறந்த எத்தனையோ குழந்தைகளுக்கு இனிஷியல் பிசகாமல் அடித்துக் கொடுத்திருக்கிறேன். மற்றவர்களுக்கு அது அலுப்பான வேலையாக இருக்கலாம். எனக்குப் பிடிக்கும். காலையில் கவுன்ட்டர் கதவைத் தூக்கும்போது எனக்குள் ஒரு கெத்து வரும். அதை இன்றுவரை தயாளனிடம்கூடச் சொன்னதில்லை.

டீ கீதா என்னைவிட வேகமாக அடிப்பாள். ஒரே ஒரு குறை, ஒவ்வொரு புள்ளிக்குப் பிறகும் இரண்டு இடம் விடுவாள். டைப்பிங் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்களாம். "கூடுவாஞ்சேரிக்காரியாச்சே, அங்க மனை போட்டு விக்கிற மாதிரி பேப்பர்லயும் ஏன் காலி இடம் வளைச்சுப் போடற?" என்பேன். "விலை ஏறும்க்கா, பாரு" என்பாள்.

போன வெள்ளிக்கிழமை பல் பிடுங்க லீவு போட்டிருந்தேன். வாயில் பஞ்சோடு அஸ்தினாபுரத்தில் வீட்டுக்குள் நுழைகிறேன், டிவியில் சிவப்புப் பட்டையில் ஓடுகிறது: முந்நூறு தற்காலிகப் பணியாளர்கள் ஒரே நாளில் நீக்கம். எங்கள் துறைதான். தயாளன் தன் போனை நீட்டினார். எங்கள் அலுவலக நோட்டீஸ் போர்டை யாரோ படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். ஏழு பெயர்கள். நாலாவது, த. கீதா.

அரசாங்க நோட்டீஸில் இனிஷியலும் தமிழில் இருக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் தயாளனுக்கும் த., தணிகாசலத்துக்கும் த. பட்டியலிலோ ஒரே ஒரு த. கீதா. நான் கல்யாணத்துக்கு முன்னால் கு. கீதா. அப்பா குப்புராஜ். கல்யாணமான புதிதில் ஆசை ஆசையாக இனிஷியலை மாற்றிக்கொண்டேன். அதை நினைத்துத் தயாளனை ஒரு பார்வை பார்த்தேன். அவர் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

டீ கீதாவுக்குப் போன் போட்டேன். பஞ்சு வாயோடு, "அது நீயா, நானா?" என்றேன்.

அவள் முதலில் என் பல்லைப் பற்றி விசாரித்தாள். "பார்த்தேன்க்கா. த.ன்னுதான போட்டிருக்கு. திங்கக்கிழமை ஆளாளுக்குக் கவர்ல ஆர்டர் குடுப்பாங்களாம். அப்ப தெரிஞ்சிடும்."

"அச்சுதன் சாரைக் கேளேன்."

"சார் மத்தியானமே பாலக்காட்டுக்கு ரயில் ஏறிட்டாரு. போன் ஆஃப்."

அச்சுதன் எங்கள் சூப்பரின்டெண்டென்ட். ஆபீஸில் எது வெடித்தாலும் அவர் பாலக்காட்டில்தான் இருப்பார்.

அப்புறம் ஊர் பேச ஆரம்பித்தது. முதலில் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழு. பேங்கில் ரிடையர் ஆன ஒருவர், "இப்படித்தான் களை எடுக்க வேண்டும்" என்று எழுதி, கீழே ஆறு கட்டைவிரல் வைத்தார். பத்துப் பேர் கை தட்டினார்கள். பிறகு யாரோ அவர் காதில் என் பெயரைப் போட்டிருக்க வேண்டும். "நம் தெரு சகோதரி கீதா அவர்களுக்கு மட்டும் என் வருத்தங்கள்" என்று இன்னொன்று எழுதினார். மீதி இருநூற்றுத் தொண்ணூற்று ஒன்பது பேரும் களைதான் போலிருக்கிறது.

சனிக்கிழமை காலையில் மாடி வீட்டுச் சந்திரிகா வந்தாள். ஆறுதல் சொல்லத்தான் வந்தேன் என்றாள். கையில் சத்து மாவு டப்பாவும் அதை விற்கும் குழுவில் சேரும் படிவமும் இருந்தன. "நீங்க ஒரு ரெண்டு பேரைச் சேர்த்துவிட்டா போதும் கீதா. கவர்ன்மென்ட் வேலை எல்லாம் எதுக்கு?" என்றாள். போன மாதம்தான் தன் மருமகளை எப்படியாவது எங்கள் ஆபீஸில் நுழைத்துவிடச் சொல்லி என்னைக் கெஞ்சியவள்.

இஸ்திரி வண்டி துரை துணியை மடித்துக்கொண்டே கேட்டான். "இன்னாக்கா, வூட்டுக்கு அனுப்சிட்டாங்களாமே? டிவில காட்னுகினே கீறான். ஒரே பேஜாரா பூட்ச்சு."

"இன்னும் தெரியல துரை. திங்கக்கிழமைதான் தெரியும்."

"நீ ஒண்ணும் வருத்தப்படாத. லஞ்சம் வாங்காத ஆளு நீ, உன்ன வச்சிகினு அவங்க இன்னா பண்ணுவாங்க?"

பாராட்டா, குத்தலா என்று நான் யோசிப்பதற்குள் அடுத்த சட்டைக்குத் தண்ணீர் தெளித்துவிட்டான்.

காய்கறிக் கடையில் ஒரு அம்மாள் என்னைக் கூர்ந்து பார்த்தார். "என் பேரன் சர்ட்டிபிகேட்டுக்கு மூணு நாள் அலையவிட்டது நீங்கதானே?" என்றார். ஆமாம், நான்தான். பேரனின் பிறந்த தேதியை அவர் மூன்று நாளும் மூன்று விதமாகச் சொன்னார். அதைச் சொல்ல வாயெடுத்தேன், பல் பிடுங்கிய இடம் வலித்தது. அவர் ஒரு கிலோ கத்திரிக்காயை வெற்றிக்கோப்பை போலத் தூக்கிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்து தயாளனிடம் பொரிந்து தள்ளினேன். பதினொரு வருஷம் உழைத்ததற்கு இந்த ஊர் காட்டும் மரியாதையா இது என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்க கம்பெனில என்னை ரெண்டு தடவை தூக்கினாங்க கீதா. எந்த டிவிலயும் வரல. நீயே, 'வேற கம்பெனியா இல்ல'ன்னுட்டு அப்பளம் பொரிக்கப் போயிட்ட."

எனக்கு நினைவே இல்லை. ஆனால் நான் அப்படிச் சொல்லக்கூடியவள்தான்.

டீ கீதா பக்கம் இதைவிட மோசம். கூடுவாஞ்சேரியில் அவள் தெரு முழுக்கப் படம் சுற்றிவிட்டது. அவளுக்கு ஒரு வரன் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. பையன் பெயர் பிரசன்னா. பெண்ணுக்கு அரசாங்க உத்தியோகம் என்பதில்தான் அவர்கள் வீட்டுக்குப் பாதி சந்தோஷம். தற்காலிகம் என்ற வார்த்தை அவர்கள் காதில் ஏறவே இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து அந்த வீட்டில் யாரும் போனை எடுக்கவில்லை.

"அது நான் இல்லன்னு சொல்லிப் பாரேன்" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அது அவள் இல்லையென்றால் நான்தானே.

"பார்க்கலாம்க்கா. திங்கக்கிழமை வரட்டும்" என்று சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் குன்றத்தூர் மலைக்குப் போனோம். நான்தான் கூப்பிட்டேன். வழியெல்லாம் என்னைச் சிரிக்க வைத்துக்கொண்டே வந்தாள். வேலை போனால் இருவரும் சேர்ந்து டைப்பிங் வகுப்பு வைப்போம், புள்ளிக்குப் பிறகு எத்தனை இடம் என்று தினமும் சண்டை போடுவோம் என்றாள்.

முருகன் முன்னால் நின்றதும் என் மனசு ஒரே இடத்தில் போய் நின்றது. இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பக்கத்தில் நிற்கிறாளே, ஏழு வருஷம் என் டப்பாவில் கை விட்டுச் சாப்பிட்டவளாயிற்றே என்றெல்லாம் நான் நினைக்கவில்லை. முருகா, அது டீயா இருக்கணும் என்று வேண்டிக்கொண்டேன். பிராகாரம் சுற்றும்போதும் அதுதான். டீயா இருக்கணும், டீயா இருக்கணும். அவள் சின்னவள், வேறு வேலை கிடைத்துவிடும் என்று சாமிக்குக் காரணம் வேறு எடுத்துக் கொடுத்தேன்.

கீழே இறங்கியதும் அவள் நேரே டீக்கடைக்குப் போய் எனக்கு ஒரு டீ சொன்னாள். டீயே குடிக்காதவளுக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று பார்த்தேன். "குடிக்கா, சூடா இருக்கும்போதே" என்றாள். குடித்தேன்.

திங்கட்கிழமை பத்தரைக்கு அச்சுதன் சார் வந்தார். எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேஜையில் ஒரு கவர் இருந்தது. அவர் யார் முகத்தையும் பார்க்காமல் அதை என் பக்கம் நகர்த்தினார். பிரித்தேன். உள்ளே ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் என் பெயர். டில்லிக்கு வரும் எழுத்து, வயிறு தள்ளிக்கொண்டு நின்றது.

அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் நோட்டீஸ் போர்டுக்குப் போய் அந்தப் பட்டியல் முன்னால் நின்றேன். போனில் நூறு தடவை பெரிதாக்கிப் பார்த்த அதே தாள். நேரில் பார்க்கும்போதுதான் கண்ணில் பட்டது. த.வுக்கும் கீதாவுக்கும் நடுவே இரண்டு இடம். ஏழு பெயர்களிலும் புள்ளிக்குப் பிறகு இரண்டு இடம்.

டீ கீதா பின்னால் வந்து நின்றிருந்தாள்.

"இதை அடிச்சது நீயா?"

"ஆமாக்கா. சார் இங்கிலீஷ் லிஸ்ட்டைக் கையில குடுத்து, தமிழ்ல அடிச்சு ஒட்டிடுன்னு சொல்லிட்டு ரயிலுக்குக் கிளம்பிட்டாரு."

"அப்ப வெள்ளிக்கிழமையே தெரியும் உனக்கு."

"தெரியும்."

"கேட்டேனேடி. ஏன் சொல்லல?"

அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள். "பல்லு பிடுங்கிட்டு வந்திருக்க, போன்ல எப்படிக்கா சொல்றது. சொல்லணும்னுதான் இருந்தேன். அப்புறம் பார்த்தா, த.ன்னு அடிச்சது ரெண்டு பேருக்குமே பொதுவா இருந்துது. ஊரு பேசறதை ஒரு ரெண்டு நாளாச்சும் ஆளுக்குப் பாதியா வாங்கிப்போம்னு விட்டுட்டேன். நீ ஒருத்தியே முழுசா எப்படி வாங்குவ?"

"பிரசன்னா வீட்ல?"

"காலைலேர்ந்து நாலு தடவை போன் பண்ணிட்டாங்க. இங்கிலீஷ் லிஸ்ட்டைப் பார்த்த யாரோ அது நான் இல்லன்னு சொல்லிட்டாங்க போல. ஒரு த.வுக்கே ஓடினவங்கக்கா அவங்க. நான் எடுக்கல."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. வேலை போன வருத்தம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த நேரத்தில் அவமானம்தான் பெரிதாக இருந்தது. இரண்டு நாளாக என் பங்குப் பேச்சைப் பாதி சுமந்தவளைத்தான் நான் சாமியிடம் நீட்டியிருக்கிறேன்.

கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன். அவள் விட்டிருந்த இரண்டாவது இடம் சும்மாதான் கிடந்தது. த.வைக் கோடு போட்டு அடித்துவிட்டு, அந்த இடத்தில் தொடங்கி மேலே ஏறி, தயாளன் என்று முழுசாக எழுதினேன். கொஞ்சம் நெருக்கியடித்துத்தான் உட்கார்ந்தது. பிறகு அதைப் படம் எடுத்துத் தெருக் குழுவில் நானே போட்டேன். கூடுவாஞ்சேரிக்கும் போகட்டும் என்று ஆபீஸ் குழுவிலும் போட்டேன். பேங்க் சார் உடனே கும்பிடும் கைகள் இரண்டு அனுப்பினார்.

கவுன்ட்டரில் ஒருவர் காத்திருந்தார். மகளின் சான்றிதழில் இனிஷியல் மாறிவிட்டதாம். அது இனி என் வேலை இல்லை. ஆனாலும் உட்கார்ந்து, அப்பா பெயரை இரண்டு முறை கேட்டு, சரியாக அடித்துக் கொடுத்தேன். அவர் நன்றி சொல்லிவிட்டு, "ஆளைக் குறைச்சிட்டாங்களாமே மேடம், இனிமே வேலை வேகமா நடக்கும்ல?" என்று கேட்டார். நடக்கும் சார் என்றேன்.

டீ கீதா ஒரு டீயோடு வந்து என் மேஜையில் வைத்தாள். நான் நிமிராமலே கேட்டேன்.

"நேத்து மலைக்குக் கீழ எதுக்கு டீ வாங்கிக் குடுத்த?"

"நீதான கேட்ட. பிராகாரம் சுத்தும்போது வாய்விட்டே சொல்லிக்கிட்டு வந்தியே, டீயா இருக்கணும், டீயா இருக்கணும்னு."

அவள் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"சாமியால குடுக்க முடியாதுன்னு எனக்குத்தான் வெள்ளிக்கிழமையே தெரியுமேக்கா. அதான் நான் வாங்கிக் குடுத்தேன்."