காத்திருக்கச் சொன்ன மதியம்

பிரசவ வார்டின் தலைமை சிஸ்டருக்கு ‘இரும்பு’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அவர் தலை தெரிந்தால் காய்ச்சல்கூடத் தானாக இறங்கிவிடும் என்று ஆயாக்கள் தங்களுக்குள் கேலி பேசுவார்கள். கன்னியாஸ்திரியாகிப் பாதி வாழ்க்கை அந்த வார்டிலேயே கழிந்துவிட்டது. தாய்க்கு ஒரு கஷ்டம் என்றால் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து ஓடுகிற மனுஷி.

ரொட்டிக் கடையில் மாவு பிசைகிற பெண் ஒருத்தி, ஐந்தாம் மாதத்திலேயே பனிக்குடம் உடைந்து வந்து சேர்ந்தாள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துத் தங்கிய முதல் பிள்ளை. பஸ் ஓட்டுகிற கணவன் சீருடையைக்கூட மாற்றாமல் வராந்தாவிலேயே கிடந்தான். முதல் இரண்டு நாள் தாக்குப்பிடித்தாள். அடுத்த நாள் காலை உடம்பு கொதித்தது.

டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு சிஸ்டரைத் தனியே அழைத்தாள்.

“கர்ப்பப்பையில கிருமி ஏறிடுச்சு சிஸ்டர். மருந்து மட்டும் போதாது. வலி வரவெச்சு வெளிய எடுத்தாகணும். இந்த மாசத்துல குழந்தை பொழைக்காதுதான். ஆனா இப்படியே விட்டா ரெண்டு உசுரும் போயிடும்.”

“துடிப்பு இருக்கா?”

“இருக்கு.”

“அப்ப ஃபாதர் வரட்டும். ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்.”

அது திருச்சபை நடத்துகிற மருத்துவமனை; துடிப்பு இருக்கிற கருவை எடுப்பதென்றால் அங்கே இருக்கிற ஃபாதரைக் கேட்க வேண்டும். அவர் அன்று வெளியூர்க் கூட்டத்தில் இருந்தார். போன் எடுக்கவில்லை. அவர் இல்லாவிட்டால் தலைமை சிஸ்டரின் சம்மதமே போதும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். டாக்டரம்மா அதைச் சொல்லிக் கெஞ்சினாள். வேறு ஆஸ்பத்திரிக்காவது அனுப்பட்டுமா என்றாள். “வழியில ஏதாவது ஆயிட்டா?” என்று சிஸ்டர் அதையும் தட்டிக் கழித்தார்.

மதியம் ஈரத்துணி மாற்றப் போனபோது அந்தப் பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சிஸ்டர், எடுத்துடணும்னு சொல்றாங்க. நான் சரின்னு சொன்னா பாவமா?”

சிஸ்டர் போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். “ஜெபம் பண்ணிக்கம்மா” என்றார்.

சாயங்காலம் துடிப்பு நின்றது. அதற்குள் விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டிருந்தது. அவளைக் காப்பாற்றக் கர்ப்பப்பையையே அகற்ற வேண்டியதாயிற்று. பிழைத்தாள், இனி பிள்ளை இல்லை.

மறுநாள் வந்த ஃபாதர் விஷயத்தைக் கேட்டார்.

“என்கிட்ட கேக்க இதுல என்ன இருக்கு சிஸ்டர்? குழந்தையக் கொல்றதுக்குன்னே செய்யறத சபை ஒருநாளும் ஒத்துக்காது. ஆனா இது தாயோட நோய்க்கு வைத்தியம். தள்ளிப்போடவும் வழியில்ல. அதனால குழந்தை போனா அது துக்கம், கொலையில்ல. வருஷா வருஷம் நர்சிங் பிள்ளைங்களுக்கு நீங்கதானே இத சொல்லித் தர்றீங்க?”

சபைச் சட்டம் தெரியாமல் செய்திருந்தால்கூட சிஸ்டர் தன்னை மன்னித்துக்கொள்ளலாம். வரிக்கு வரி தெரியும். அவருக்கு முன்பு அந்தப் பதவியில் இருந்தவர் இதே போன்ற ஒரு நாளில் சரியென்று சொன்னார். யாரோ மொட்டைக் கடுதாசி போட்டார்கள். விசாரித்ததில் தப்பில்லை என்றுதான் முடிந்தது. ஆனாலும் ஊர் வாய் மூடவில்லை, அவரை எங்கோ மாற்றிவிட்டார்கள். அவர் பெட்டியோடு படியிறங்கிய காட்சிதான் அன்று மதியம் முழுக்க சிஸ்டரின் கண்ணில் நின்றது. கடவுள் நினைப்பே வரவில்லை. பயத்துக்கு பக்தி என்று பெயர் வைத்து, ஒரு பெண்ணின் வயிற்றை அதற்கு விலையாகக் கொடுத்திருந்தார்.

வீட்டுக்குப் போகிற அன்று அந்தப் பெண் கும்பிட்டாள். “உங்க ஜெபத்துலதான் சிஸ்டர் பொழைச்சேன்.” சிஸ்டர் அதையும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார். அவ்வளவு மட்டமாக அவர் தன்னை ஒருநாளும் உணர்ந்ததில்லை.

வாரங்கள் போயின. சோறு இறங்கவில்லை. கடைசியில் ஒரு காலை ரொட்டிக் கடையின் பின்கட்டுக்குப் போய் நின்றார். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டாள். சிஸ்டர் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னார், பெட்டியோடு இறங்கியவரின் கதை உட்பட.

அவள் கை நின்றது.

“அப்ப அது பாவமில்லையா?”

“இல்லம்மா. அன்னைக்கே எனக்குத் தெரியும்.”

“எடுத்துடட்டும், நான் பொழைச்சா போதும்னு அன்னைக்கு நெனச்சேன் சிஸ்டர். அப்படி நெனச்சதுக்குத்தான் சாமி பிள்ளையையும் எடுத்து, வயித்தையும் எடுத்துக்கிச்சுன்னு நம்பிக்கிட்டிருக்கேன். என் வீட்டுக்காரர்கிட்டகூட சொல்லல. ராத்திரியில அவர் பக்கம் திரும்பிப் படுக்கவே கூசுது.”

தன் அவமானத்தை இறக்கிவைக்க வந்த இடத்தில், தான் செய்ததில் பாதிதான் இதுவரை தெரிந்திருந்தது என்று சிஸ்டருக்குப் புரிந்தது.

“என்னை மன்னிக்கணும்னு கேக்க வரல” என்று தட்டுத்தடுமாறிச் சொன்னார்.

“கேக்காதீங்க. இப்ப என்கிட்ட இல்ல.” அவள் மாவுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அவர்கிட்ட வந்து சொல்லுங்க. நான் சொன்னா அழுதுருவேன்.”

அன்று மாலையே பஸ் டிப்போவுக்குப் போய், அவள் மனதில் இருந்ததையும் சேர்த்துக் கணவனிடம் சொன்னார். அவன் ஸ்டியரிங்கில் கைவைத்தபடி கேட்டான், திட்டவில்லை. “பிரேக் போட வேண்டிய நேரத்துல போடலைன்னா எங்கள வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க. உங்கள என்ன பண்ணாங்க?”

“யாரும் ஒண்ணும் கேக்கல.”

“ஓ” என்றான். இறங்கி வீட்டை நோக்கி வேகமாக நடந்தான்.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் சிஸ்டர் எழுந்து நின்று, யாரும் கேட்காமலே நடந்ததைச் சொன்னார். இதெல்லாம் வெளியே தெரிய வேண்டாமே என்றார்கள். தெரியட்டும் என்றார். இப்படிப்பட்ட கேஸில் இனி டாக்டர் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம் என்று முடிவாயிற்று. தலைமைப் பதவி அவரிடமிருந்து போனது.

இப்போது அதே வார்டில் சாதாரண நர்சாகப் படுக்கை விரிக்கிறார். புதிதாக வந்த ஆயாக்கள் அவரை நல்லவர் என்கிறார்கள். அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் அவருக்கு எங்காவது போய் முகத்தை மறைத்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் போவதில்லை. அடுத்த படுக்கைக்கு நகர்வார்.