முதல் பக்கத்து மறுப்பு

பூட்டுக்காரர் நகைத் திருட்டுக் கேஸில் மாட்டியதை உள்ளூர்ப் பேப்பர் ஒன்று முதல் பக்கத்தில் படத்தோடு போட்டது. கோர்ட்டு அவரைக் குற்றமில்லை என்று விட்டதைப் போடவில்லை. சாவி செய்கிறவனுக்குத் திருடன் என்று பேர் விழுந்தால் பிழைப்பு என்னத்துக்கு ஆகும்? ஊரின் மறுகோடிக்குக் கடையை மாற்றினார். இங்கேயும் எல்லாருக்கும் தெரியும், வாய்விட்டுச் சொல்லாமல் இருக்கிறார்கள் என்பது அவர் நினைப்பு. தெருவில் ரெண்டு பேர் சிரித்துப் பேசினால் தன்னைத்தான் என்று எடுத்துக்கொள்வார்.

விடுதலையான செய்தியையும் போடச் சொல்லி, இருபத்தாறு வருஷத்தில் நாலு தடவை பேப்பர் ஆபீஸுக்குப் போனார். முதல் தடவை அது மூணு மாடிக் கட்டிடம். மிஷின் ஓடினால் தெருவே அதிரும். வாட்ச்மேனைத் தாண்ட முடியவில்லை. ரெண்டாம் தடவை முதலாளி செத்து, மகன்கள் அடித்துக்கொண்டு கிடந்தார்கள். "அது அண்ணன் பார்த்த காலத்துச் செய்தி. அவனைப் போய்க் கேளு" என்றான் தம்பிக்காரன். மூணாம் தடவை, வீடு கட்டி விற்கிற ஒருவன் பேப்பரையே வாங்கியிருந்தான். பக்கம் பூராவும் அவன் வீடுகள். செய்திக்கு இடமில்லை என்றார்கள்.

இப்போது போனால், செல்போன் கடைக்கு மேலே ஒரே அறை. நாலு பக்கப் பேப்பர். ஆசிரியரே டைப் அடித்துக்கொண்டிருந்தார்.

"உட்காருங்கய்யா. முதல் பக்கத்துலயே போட்டுடலாம்."

"என்ன சார், திடீர்னு இவ்வளவு தாராளம்?"

"இன்னிக்கு வேற செய்தி இல்லய்யா."

நம்பாமல் மறுநாள் விடிந்ததும் ஆபீஸ் வாசலில் போய் நின்று, பேப்பர்க் கட்டைப் பிரித்து எழுத்துக்கூட்டிப் படித்தார். 'பூட்டுக்காரர் நகை திருடவில்லை.' படமும் இருந்தது. ஆனால் இந்தப் பேப்பரை இப்போது எவன் வாங்குகிறான்? இருபது பேப்பரைத் தானே சுமந்துபோய், தன் தெருவில் வீட்டுக்கு ஒன்றாகக் கேட்டில் செருகினார்.

கடையைத் திறந்ததும் எதிர்வீட்டு அம்மா வந்தாள். எட்டு வருஷமாக அந்த வீட்டுப் பூட்டெல்லாம் இவர் கை பட்டதுதான். ஒரு கையில் கதவுப் பூட்டு, மறு கையில் பேப்பர்.

"ஏண்ணே, உங்க மேல திருட்டுக் கேஸ் இருந்துச்சா?"

"திருடலைன்னுதானேம்மா போட்டிருக்கு?"

"படிச்சேன், படிச்சேன். இத்தனை நாளா எங்க யாருக்குமே தெரியாதே!" பூட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "வீட்ல அவரை ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேண்ணே."

பூட்டுக்காரர் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினார். கேட் கேட்டாகப் பேப்பரை உருவினார். ஏழாவது வீட்டு மாடியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"யாருய்யா அது, எங்க வீட்டுப் பேப்பரைத் திருடுறது?"

அவர் கக்கத்தில் அதற்குள் ஆறு சேர்ந்திருந்தது.